கோயில் நாட்காட்டியை இனி எப்படி அனுப்புவது? கூடவே, கூரியர் கம்பெனிகள் இவ்வளவு வளர்ந்தது எப்படி?

துறைமுகத்து அண்ணன் (டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

எங்கள் கோயில் நாட்காட்டியை வெளியூரில் இருக்கும் உறுப்பினர்களுக்கு வருடா வருடம் தபாலில்தான் அனுப்பி வந்தோம். லெனேசியா, பிரிட்டோரியா, மாரிட்ஸ்பர்க், கேப் டவுன் என்று மொத்தம் 140 பேர். தைப்பூசக் காவடி, புரட்டாசி விரதம், கிருத்திகை, அமாவாசை எல்லாம் அதில்தான் இருக்கும். பல வீடுகளில் வயதானவர்களுக்குத் தமிழ் எழுத்து கண்ணில் படுவதே அந்த ஒரு காகிதத்தில்தான். அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

நாங்கள் போகும் தபால் நிலையம் இப்போது இல்லை. தென்னாப்பிரிக்கா முழுக்க 366 தபால் கிளைகள் மூடப்பட்டதில் நம் பக்கத்தவையும் போயின. கூரியரில் வீட்டுக்கு வீடு அனுப்ப விலை கேட்டேன். ஒரு நாட்காட்டியை அச்சடிக்கும் செலவைப் போல ஏழெட்டு மடங்கு சொல்கிறார்கள். கோயில் உண்டியல் தாங்காது.

இதோடு ஒரு கேள்வியும் மனதில் ஓடுகிறது. இந்தத் தனியார் கம்பெனிகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? எனக்குத் தெரிந்த துண்டை நான் சொல்கிறேன், மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.

நான் 27 வருடம் டர்பன் துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்த்தவன். சரக்கைவிடக் காகிதம் முக்கியம் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கப்பல் வந்து நிற்கும், கன்டெய்னர் இறங்கிவிடும். ஆனால் அசல் பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கை எடுக்க உரிமை தரும் கப்பல் காகிதம், கைக்கு வராமல் சரக்கைத் தொட முடியாது. காகிதம் வரும்வரை நாள் கணக்கில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். எத்தனையோ வியாபாரிகள் எங்கள் கவுண்டரில் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிஎச்எல் என்ற கூரியர் கம்பெனி பிறந்ததே இந்த இடத்தில்தான். 1969-ல் டால்சி, ஹில்ப்லாம், லின் என்று மூன்று பேர் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கினார்கள். மூன்று பெயரின் முதல் எழுத்துதான் கம்பெனியின் பெயர். அங்கிருந்து ஹவாய்த் தீவில் இருக்கும் ஹொனலூலுவுக்குக் கப்பல் போய்ச் சேரப் பல நாள் ஆகும். இவர்கள் அந்தக் கப்பலின் காகிதங்களைப் பையில் போட்டுப் பயணிகள் விமானத்தில் தாங்களே கொண்டு போனார்கள். கப்பல் கரை சேர்வதற்குள் சுங்க வேலை முடிந்துவிடும், சரக்கு இறங்கியதும் நேராக வெளியே. லாரி இல்லை, கிடங்கு இல்லை, சொந்த விமானம் இல்லை. கையில் இருந்தது ஒரு பை. அந்தக் காத்திருப்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துறைமுகத்தில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், அந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தவன் வளராமல் இருக்க முடியாது.

ஜோபர்க் சென்னைக்காரன்

அண்ணா, அருமையாகச் சொன்னீர்கள். நான் ஜோகன்னஸ்பர்க்குக்கு (ஜோபர்க்) வந்து ஆறு வருடம் ஆகிறது, சாமான் கையாளும் மென்பொருளில்தான் வேலை. ஃபெடெக்ஸ் என்ற அமெரிக்கக் கூரியர் கம்பெனியின் கதையை நான் சேர்க்கிறேன்.

அதைத் தொடங்கிய ஃபிரெட் ஸ்மித் வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர். 2025 ஜூனில் காலமானார். 1973 ஏப்ரல் 17 இரவு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் அவர்கள் முதல்முறை வேலையைத் தொடங்கியபோது 14 சிறிய ஜெட் விமானம், 25 ஊர், மொத்தமே 186 பார்சல். விமானத்துக்கு 13, 14 பார்சல்தான் வருகிறது, யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த 25 ஊரையும் அவர் இணைத்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வோர் ஊரையும் மற்ற எல்லா ஊரோடும் நேராக இணைக்க வேண்டுமென்றால் 300 வழி வேண்டும். எல்லாம் ராத்திரி ஓர் இடத்துக்கு வந்து, அங்கே பிரித்து, விடிவதற்குள் திரும்பிப் போகட்டும் என்று வைத்தால் 25 வழி போதும். பக்கத்து ஊருக்குப் போகிற பார்சல்கூட மெம்ஃபிஸ் போய்த்தான் திரும்பும். கேட்கும்போது வீண் அலைச்சல் மாதிரி இருக்கும். கணக்குப் போட்டால் அதுதான் மலிவு. மெம்ஃபிஸ் நாட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது, வானிலை காரணமாக விமான நிலையம் மூடுவதும் குறைவு. அதனால் அந்த ஊர்.

முதல் இரண்டு வருடம் பெரிய நஷ்டம். தொடங்கிய வருடமே எண்ணெய் விலையும் ஏறியது. அவர்கள் மூச்சு விட்டது 1977-ல். அதுவரை அமெரிக்கச் சட்டப்படி அவர்கள் சிறிய விமானம்தான் ஓட்ட முடியும். அந்த வருடம் சரக்கு விமானத்துக்கான கட்டுப்பாட்டை எடுத்தார்கள், உடனே பெரிய போயிங்குகளை வாங்கினார்கள். 1983-ல் வருமானம் 100 கோடி டாலர். பார்சல் ஓட ஆரம்பித்துப் பத்தே வருடத்தில்.

இன்னொன்று. 1986-ல் ஓட்டுநர் கையில் பார்கோடு படிக்கும் சிறு கருவியைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பார்சல் யார் கையில் இருந்து யார் கைக்கு மாறினாலும் பதிவாகிவிடும். இன்று போனில் 'உங்கள் பார்சல் வண்டியில் ஏறிவிட்டது' என்று வருகிறதே, அதன் வேர் அங்கேதான். என் வேலையே அதுதான் என்பதால் சொல்கிறேன், வேகத்துக்குக் கொடுக்கும் காசைவிட 'எங்கே இருக்கிறது' என்ற பதிலுக்குத்தான் மக்கள் அதிகம் கொடுக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா

தம்பி சொன்ன கடைசி வரி நூற்றுக்கு நூறு உண்மை.

நான் தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், மசாலாப் பொடி எல்லாம் ஜோபர்க்குக்கு அனுப்புகிறேன். வீட்டிலிருந்து செய்யும் தொழில்தான், ஆனால் என் இரண்டு பெண்களின் படிப்பு அதில்தான் ஓடியது. கவுண்டரில் கொடுத்து கவுண்டரில் எடுத்துக்கொள்ளும் முறை வந்த பிறகுதான் எனக்கு வெளியூர் வாடிக்கையாளர்களே கிடைத்தார்கள். போஸ்ட்நெட் என்ற பார்சல் கடை இங்கே 1994-ல் வந்தது, இப்போது 400-க்கு மேல் கடை இருக்கிறது. பெப் துணிக்கடைகளில் பார்சல் அனுப்பும் பாக்ஸி பை இருக்கிறது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் பார்சல் லாக்கர் இருக்கிறது. வாங்குகிறவருக்கு வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் எடுத்துக்கொள்ள வசதி.

ஆனால் புதிதாக அனுப்புகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடுவார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். தராசு காட்டுகிற எடைக்கு மட்டும் காசு வாங்க மாட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதுவும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. (சில கம்பெனிகள் சாலை வழிக்கு 4000-ஆல் வகுக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.) என் முறுக்குப் பெட்டி 40, 30, 25. பெருக்கினால் 30,000, வகுத்தால் 6 கிலோ. உள்ளே இருக்கும் முறுக்கோ 2 கிலோதான்! முதல் வருடம் இது தெரியாமல் தீபாவளி லாபம் முழுவதையும் விட்டேன். அப்புறம் அகலமான பெட்டியை விட்டுவிட்டு, டப்பாவுக்கு அளவாகவே அட்டைப்பெட்டி வெட்டச் சொன்னேன். மசாலாவை முறுக்கு டப்பாக்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் வைப்பேன். இப்போது தராசு எடையும் பெட்டிக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது.

இந்த வழியில் எனக்கு ஒரு பெரிய மனவருத்தமும் உண்டு. மூன்று வருடம் முன்பு ஒரு சீமந்தத்துக்கு அனுப்பிய பலகாரப் பெட்டியை ஒரு கூரியர் கம்பெனி 'டெலிவரி ஆகிவிட்டது' என்று போட்டுவிட்டது. கையெழுத்து இடத்தில் ஒரு கோடு. அந்த வீட்டில் யாரும் வாங்கவில்லை. எட்டு நாள் போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறு குரல், வேபில் எண்ணை (பார்சல் சீட்டு எண்) மறுபடி முதலில் இருந்து சொல்ல வேண்டும். காசு திரும்ப வந்தது. அந்தப் பெண்ணின் சீமந்தம் திரும்ப வருமா?

மாரிட்ஸ்பர்க் தபால்காரர் (ஓய்வு)

நான் தபால் இலாகாவில் 31 வருடம் இருந்தவன். பொறுமையாக ஒன்று சொல்ல வேண்டும், கேளுங்கள்.

எல்லோரும் கம்பெனிகளின் சாமர்த்தியத்தைப் பேசுகிறீர்கள். சாமர்த்தியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எந்த ஊருக்குப் போவது என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். எங்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. டர்பன் மத்தியில் அடுத்த தெருவுக்குப் போகும் கடிதத்துக்கும், மலைக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் கடை இருக்கும் ஊருக்குப் போகும் கடிதத்துக்கும் ஒரே தபால்தலை. ஊருக்குள் கிடைக்கும் காசில்தான் மலைக்குப் போகும் செலவு நடந்தது. ஊருக்குள் இருக்கும் காசைத் தனியார் எடுத்துக்கொண்டால் மலைக்கு யார் போவார்கள்?

அதற்காகத்தான் 1998-ம் வருடத்துத் தபால் சேவைச் சட்டத்தில் ஒரு கிலோ வரைக்குமான கடிதம், அச்சுக் காகிதம், சிறு பார்சல் ஆகியவை தபால் இலாகாவுக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். கண்காணிப்பு, குறித்த நேரத்தில் சேர்ப்பது போன்ற கூடுதல் சேவையோடு வருவதைக் கூரியர் என்று தனியாகப் பிரித்தார்கள். நடைமுறையில் அந்த வேலி எப்படி ஆனது என்று நீங்கள் எல்லோரும் பார்க்கிறீர்கள். அந்த ஒரு கிலோவுக்காகத் தபால் இலாகா போஸ்ட்நெட் மீது புகார் கொடுத்து, வழக்கு வரைக்கும் போனது.

எங்கள் பக்கத் தவறையும் சொல்கிறேன். 2014-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் கேட்டவை நியாயமான கோரிக்கைகள், நானும் வெளியே நின்றவன்தான். ஆனால் அந்த மாதங்களில் போன வாடிக்கையாளர்கள் திரும்பி வரவே இல்லை. பில் அனுப்புகிறவர்கள் மின்னஞ்சலுக்குப் போனார்கள், பார்சல் அனுப்புகிறவர்கள் கூரியருக்குப் போனார்கள். 2023 ஜூலையில் பிசினஸ் ரெஸ்க்யூ, அதாவது திவாலாகாமல் காப்பாற்றும் சட்ட நடவடிக்கை, வரைக்கும் வந்தது. அதில் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனது. என்னோடு பை சுமந்தவர்களின் பிள்ளைகளும் அதில் உண்டு.

2018-ல் அரசு உதவித்தொகையைத் தபால் நிலையம் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தபோது, விடியற்காலையிலேயே பாட்டிமார்கள் போர்வையோடு வந்து வரிசையில் உட்காருவார்கள். ஜூலு இனப் பாட்டிகள், நம் தமிழ் ஆயாக்கள், எல்லோரும் ஒரே வரிசை. ஒரு ஆயாவுக்கு விரல் ரேகை விழாது, வயதில் தேய்ந்துவிட்டது. விரலை ஈரத்துணியில் துடைத்து, அழுத்தி, நாலாவது தடவை விழும். அந்த நாலு தடவைக்கு எந்தக் கம்பெனி ஆள் வைக்கும்?

ஜோபர்க் சென்னைக்காரன்

ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்க என்னால் முடியாது. ஒரே ஒரு விஷயம். தபால் இலாகா என்றாலே தேய்ந்துதான் போக வேண்டும் என்று இல்லை. துறைமுகத்து அண்ணன் சொன்ன அதே டிஎச்எல்லை இன்று வைத்திருப்பது யார்? ஜெர்மனியின் பழைய அரசுத் தபால் துறைதான். 1995-ல் அதைக் கம்பெனியாக மாற்றினார்கள், 1998-ல் டிஎச்எல்லில் பங்கு வாங்க ஆரம்பித்தார்கள், 2002-ல் முழுவதும் அவர்கள் கையில் வந்துவிட்டது. கடிதம் குறையப் போகிறது, பார்சல் கூடப் போகிறது என்று முன்கூட்டியே பார்த்துப் பணத்தை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

மாரிட்ஸ்பர்க் தபால்காரர் (ஓய்வு)

அது சரி தம்பி. அதைத்தான் நாங்களும் வருடக்கணக்காகக் கேட்டோம். வண்டி கொடுங்கள், பார்கோடு கருவி கொடுங்கள் என்று கேட்டோம். எங்களிடம் எல்லா ஊரிலும் கதவு இருந்தது. அந்தக் கதவுகளைத்தான் இப்போது அவர்கள் துணிக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் தேடிப் பிடிக்கிறார்கள்.

லெனேசியா ஓட்டுநர்

மன்னிக்கவும், பகலில் வண்டியில் இருந்ததால் இப்போதுதான் முழுவதும் படித்தேன். நான் பத்து வருடமாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். முதலில் ராத்திரி லைன்ஹால், அதாவது ஊர் விட்டு ஊர் போகும் பெரிய லாரி, ஓட்டினேன். இப்போது சொந்த பக்கியில் (பிக்கப் வண்டி) வீட்டுக்கு வீடு டெலிவரி.

சென்னை அண்ணா சொன்ன மெம்ஃபிஸ் கதை இங்கே டர்பன்-ஜோபர்க் என்3 சாலையில் தினமும் நடக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு டர்பன் கிடங்கில் வண்டி நிறையும். பைன்டவுன் ஏற்றம், மாரிட்ஸ்பர்க், மூய் ரிவர், வான் ரீனன் கணவாய், ஹாரிஸ்மித் என்று ஏறி, விடிவதற்கு முன்னால் ஜோபர்க் கிடங்கு. 570 கிலோமீட்டர். அங்கே பார்சல் பிரிக்கும் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், இறக்கி முடிப்பதற்குள் காலை டெலிவரிக்குப் பக்கிகள் வரிசையாக நிற்கும். வான் ரீனனில் பனிமூட்டம் விழுந்தால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குத் தவிர ஒன்றும் தெரியாது. அக்காவின் முறுக்கு அடுத்த நாள் கவுண்டரில் இருக்கிறதென்றால் அந்த மூட்டத்தில் ஒருவன் கண் விழித்திருக்கிறான்.

2021 ஜூலைக் கலவரத்தில் மூய் ரிவரில் லாரிகளை எரித்தபோது நான் ஹாரிஸ்மித்தில் நிறுத்தப்பட்டேன். சாலை திறக்கும்வரை கேபினிலேயே படுக்கை. அங்கிருந்த ஒரு சமையல்கார அம்மா பாப் (சோளமாவு) கஞ்சி கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு சாலை மூடினால் இரண்டு மாகாணத்துக்கு மருந்தும் நிற்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது செய்யும் வேலையைப் பற்றி. எனக்கு மாதச் சம்பளம் இல்லை. வண்டி என்னுடையது, டீசல் என்னுடையது, டயர் என்னுடையது. ஒரு வீட்டில் கொடுத்தால் இவ்வளவு என்று கணக்கு. ஆள் இல்லையென்றால் காசு இல்லை, மறுநாள் திரும்பப் போகும் டீசலும் என் தலையில். முன்பு நான் ஓட்டிய ஓர் இடத்தில் காணாமல் போன ஒரு போனின் விலையை என்னிடமே பிடித்தார்கள். ஸ்கேன் கிடங்கிலேயே விட்டுப்போயிருந்தது என்று காட்டியும் கேட்கவில்லை. அக்கா, கையெழுத்து இடத்தில் கோடு போட்டது தப்புதான். அதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு 90 வீடு என்று கொடுத்தால் மூன்று மணிக்கு மேல் ஒருவன் எந்த நிலையில் இருப்பான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கம்பெனிகள் வளர்ந்ததில் எங்கள் டீசலும் இருக்கிறது.

கவுண்டர் முறை ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு ரோட்டில் நான் பார்த்த காரணம் ஒன்று. தெருப்பெயர், வீட்டு எண் இல்லாத குடியிருப்புகள் இங்கே எத்தனை! அங்கே போய் 'நீல வாசல் வீடு, கோழிக்கடைக்குப் பின்னால்' என்று தேட வேண்டும். கவுண்டர் என்றால் தேட வேண்டாம், ஒரே இடத்தில் 40 பார்சல் இறக்கலாம். விலை குறைந்தது அதனால்தான்.

சாட்ஸ்வொர்த் அக்கா

தம்பி, நீ எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்தக் கோட்டைப் போட்ட பையனை எட்டு நாளும் திட்டிக்கொண்டே இருந்தேன். 90 வீடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. டர்பன் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

துறைமுகத்து அண்ணா, உங்கள் நாட்காட்டிக்கு ஒரு யோசனை. தனித்தனியாக 140 அனுப்பினால்தான் அந்த விலை. ஊருக்கு ஒரே பெட்டியாகக் கட்டினால்? ஒரு நாட்காட்டி என்ன எடை?

துறைமுகத்து அண்ணன் (டர்பன்)

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன் அம்மா, 200 கிராம். லெனேசியாவுக்கு மட்டும் 40 பேர். 40 நாட்காட்டி 8 கிலோ. சுருட்டாமல் அடுக்கினால் பெட்டி 45, 35, 20. நீங்கள் சொன்ன கணக்குப்படி 31,500-ஐ 5000-ஆல் வகுத்தால் 6.3. தராசு எடைதான் அதிகம், வீண் காசு இல்லை.

ஐயா, ஒரு கிலோ சட்டமும் நம்மைத் தொடாது, பெட்டி 8 கிலோ!

மாரிட்ஸ்பர்க் தபால்காரர் (ஓய்வு)

சட்டம் தொடாது, சரி. மாரிட்ஸ்பர்க் பெட்டியை என் பெயருக்கு அனுப்புங்கள். 30 வீடு என்றால் எனக்கு ஒரு வார வேலை. நடந்துதான் போவேன், பழக்கம் விட்டுப் போகவில்லை. ஆனால் நாட்காட்டியின் பின்னால் பெயரும் தெருவும் தெளிவாக எழுதி, தெரு வரிசைப்படி அடுக்கித் தரச் சொல்லுங்கள். நாட்காட்டிக் கட்டை நூலால் கட்டுங்கள், ரப்பர் பேண்ட் வேண்டாம், ஓரம் மடங்கிவிடும்.

லெனேசியா ஓட்டுநர்

லெனேசியா 40-ஐ நான் எடுத்துக்கொள்கிறேன். கவுண்டரில் இருந்து எடுத்து என் வழியில் போட்டுவிடுவேன், அதற்குக் காசு வேண்டாம். என் ஆயா வீட்டுச் சுவரில் போன வருடத்து நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. அதையும் மாற்ற வேண்டும்.

ஜோபர்க் சென்னைக்காரன்

பிரிட்டோரியா என் பங்கு. சனிக்கிழமை இருவரோடு காரில் போய்வருவேன். யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்ள ஒரு பட்டியல் செய்து இங்கேயே போடுகிறேன். கொடுத்ததும் அவரவர் பெயருக்கு நேராக ஒரு டிக் போதும்.

துறைமுகத்து அண்ணன் (டர்பன்)

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கேப் டவுனுக்கு மட்டும் இன்னும் ஆள் வேண்டும், 22 பேர் அங்கே. யாராவது இருந்தால் கை தூக்குங்கள். அச்சு டிசம்பர் முதல் வாரத்தில் வந்துவிடும். பெட்டி வெட்ட அக்காவின் ஆளையே பிடிக்கிறேன். தெரு வரிசைப்படிதான் அடுக்குவேன் ஐயா, நூல் கட்டித்தான் அனுப்புவேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா

கேப் டவுனில் என் மூத்தவள் படிக்கிறாள். அவளிடம் சொல்லிவிட்டேன், சரி என்றாள். அந்தப் பெட்டியில் ஓர் ஓரத்தில் இடம் விடுங்கள் அண்ணா, ஒரு டப்பா அதிரசம் வைக்க வேண்டும்.